வாயைக் கொடுத்தவர்

அத்தியாயம் ஆறு

கோர்ட்டிலிருந்து வந்த உறையைப் பல்செட் அக்கா பிரிக்காமல் வைத்திருக்கிறார் என்பது முதலில் தபால்காரருக்குத் தெரிந்தது. அப்புறம் கீழ்வீட்டுக்காரிக்கு. அப்புறம் தெருவுக்கே. துப்பறிகிறவர் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் துருவி மேடத்துக்குத்தான் கடைசியில் தெரிந்தது. அதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது. அவர் காசு வாங்கிக்கொண்டு மூக்கை நுழைக்கிறவர். நாங்கள் சும்மாவே நுழைக்கிறவர்கள்.

துருவி என்பது தெரு வைத்த பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைத்தவர்கள், பதிலைவிட்டுவிட்டு முழித்த முழியை அவர் குறித்துக்கொள்வதைப் பார்த்ததில்லை. அவருக்கு உதவியாளர் வால். நாற்பது வயது, முன்பு டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தவர். பழகவந்தவர்கள் தப்பாக ஓட்டினால் அடக்கமுடியாமல் சிரிக்கிறார் என்று வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். மேடத்தின் பின்னாலேயே போவதால் வாலா, பண்ணுகிற சேட்டையால் வாலா என்பது இன்னும் முடிவாகவில்லை.

உறைக்குள் இருந்தது கிரெடிட் கார்டு கடன் வழக்கு. அக்கா எப்போதோ வாங்கி, எப்போதோ திணறி, பாங்கே கணக்கை மூடிவிட்டுப் போன கடன். அந்த மாதிரிச் செத்த கடன்களை மொத்தமாக அடிமாட்டு விலைக்கு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் உயிர்கொடுத்துப் பார்க்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. அதுதான் இப்போது வாதி. அக்கா பிரதிவாதி. தோற்றால் போவது பல்செட் செய்கிற அவருடைய பட்டறையின் மூலையில் இருக்கும் சூளை. பீங்கான் பல்லைச் சுடுகிற சின்னச் சூளை. அது போனால் அக்காவின் தொழில் போச்சு.

அக்காவின் தம்பி சொன்ன முதல் யோசனை, உறையைப் பிரிக்கவேண்டாம், வரவேயில்லை என்று சொல்லிவிடலாம் என்பது. இரண்டாவது யோசனை, போய்க் காலில் விழுந்து கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்பது. இரண்டுக்கும் நடுவில் பதில் சொல்வது என்று ஒரு வழி இருப்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்த வழியைக் காட்டியது துருவி மேடம். உறையை அவரே கிழித்தார், அக்காவைக் கையோடு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனார். வக்கீலம்மா படித்துவிட்டு, கடைசியாகப் பணம் கட்டின நாளிலிருந்து வழக்குப் போடச் சட்டம் கொடுக்கிற கெடு எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் அதைக் கோர்ட் தானாகக் கவனிக்கும் என்று நம்பி உட்காரமுடியாது, நாம்தான் கெடுவுக்குள் பதில் மனு போட்டுச் சொல்லவேண்டும் என்றார். பதில் போடாமல் இருந்தால் கேட்டது அத்தனையும் அப்படியே தீர்ப்பாகிவிடுமாம். மற்றபடி இது சொத்தைக் கேஸ் என்றும் சொன்னார்.

அக்காவிடம் போய்ச் சொத்தைக் கேஸ் என்கிறாரே என்று வால் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு இன்றைக்குக் காலையில் நின்றது. பதில் மனுவுக்குக் கடைசி நாள் இன்றுதான். சாயங்காலம் கோர்ட் கவுண்டர் மூடுவதற்குள் கொடுத்தாகவேண்டும். காலையில் எதிர்த்தரப்பு, கூடுதல் ஆதாரம் என்று ஒரு பென் டிரைவை வக்கீலம்மாவின் மேஜைக்கு அனுப்பிவைத்திருந்தது. உள்ளே போன் பேச்சு. கூடவே அதைத் தட்டச்சு செய்த காகிதம்.

சைக்கிள் கடைக்கு மேலே துருவி மேடத்தின் அறையில் மேடம், வால், அக்கா மூன்று பேரும் குனிந்து கேட்டார்கள். ஓர் ஆண் குரல், மிச்சம் என்ன ஆச்சு, ஒரு மாசமா இழுத்துக்கிட்டே போறீங்களே என்கிறது. பின்னாலேயே, சந்தேகத்துக்கு இடமில்லாமல், அக்காவின் குரல்.

"பாக்கி ரெண்டுதானே சார். அடுத்த வாரம் கண்டிப்பா கட்டிடறேன். கவலைப்படாதீங்க."

அவ்வளவுதான். அத்தோடு வெட்டிவிட்டிருந்தார்கள். பிரதிவாதி தன் கடனை ஒப்புக்கொண்டு, பாக்கியுள்ள அசல், வட்டி இரண்டையும் செலுத்துவதாகப் போன வருஷம்தான் உறுதியளித்தார் என்று காகிதத்தின் கீழே எழுதியிருந்தது. வாக்குறுதி புதிது என்றால் கெடுவும் புதிதாக ஓட ஆரம்பிக்கும் என்பது அவர்கள் வாதம். குரல் போதாது, கையெழுத்து வேண்டும் என்று வாதாடிப் பார்க்கலாம், ஆனால் இந்தக் குரல் நீதிபதியின் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் நான் என்ன சொன்னாலும் சால்ஜாப்பு மாதிரித்தான் இருக்கும் என்று வக்கீலம்மா சொல்லியனுப்பியிருந்தார்.

"உங்க குரல்தானே அக்கா?"

"என் குரல்தான் மேடம். ஆனா நான் அவங்ககிட்ட பேசினதே கிடையாது. அந்தக் கம்பெனி போன் வந்தாலே கட் பண்ணிடுவேன்."

"குரல் மட்டும் தனியா போயிட்டு வந்திருக்கும்போல" என்றார் வால்.

துருவி மேடம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அக்காவுக்கு முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. தன் குரலைத் தானே குற்றவாளி மாதிரிப் பார்க்க ஆரம்பித்திருந்தார். தூக்கத்தில் எழுந்து பேசியிருப்பேனோ என்றுகூடக் கேட்டார்.

"கடன் வாங்கினவங்க, கொடுத்தவங்களைப் பாத்துக் கவலைப்படாதீங்கன்னு சொல்வாங்களா வாலு?"

"நான் சொல்வேன் மேடம். மாசாமாசம் வீட்டு ஓனர்கிட்ட சொல்றேன்."

"எப்படிச் சொல்வே?"

வால் சொல்லிக் காட்டினார். குரல் தானாக இறங்கி, வாக்கியம் பாதியில் தேய்ந்து, கடைசியில் ஒரு இருமல் வந்தது.

"பாத்தியா, அதுல பயம் இருக்கு. அக்கா குரல்ல சிரிப்பு இருக்கு. கொடுக்கவேண்டியவங்க பேசற மாதிரி இல்ல, தைரியம் சொல்ற மாதிரி இருக்கு. அப்புறம் அந்த ஆள் பேசறதைக் கேளு."

கேட்டார்கள். காகிதத்தில் மிச்சம் என்றும் மாசம் என்றும் அழகாகத்தான் அடித்திருந்தது. காதில் விழுந்தது மிஷ்ஷம், மாஷம். வாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு பேசுகிறார் என்பது வாலின் தீர்ப்பு. துருவி மேடம் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. பேச்சுக்குப் பின்னால் ஒரு சின்ன ரீங்காரம் கேட்கிறதே, அது என்ன என்று கேட்டார். பட்டறையில் பல்லைத் தேய்க்கிற மெஷின் என்றார் அக்கா. அப்படியானால் பேசியது பட்டறையில் வைத்து, வேலை நேரத்தில். துருவி மேடம் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அக்காவின் பட்டறை மாடிப்படிக்கு அடியில் நீளமாக ஒடுங்கிக்கிடக்கும் அறை. ஒரு பக்கம் மேஜை, அதன்மேல் நீலமாக எரியும் சின்ன விளக்கு, உருகின மெழுகு வாசனை. சுவர் முழுக்கப் பலகைகள். பலகைகள் முழுக்க வாய்கள். அச்சு மாவில் வார்த்த வெள்ளை வாய்கள், ஓட்டையும் கோணலுமாக, இருட்டில் எதையோ சொல்ல வருகிற மாதிரி. மூலையில் சுத்தமான துணி போர்த்தின சூளை. இந்தத் தெருவில் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளிக்குக்கூட அவ்வளவு பதவிசாகப் போர்த்தி நாங்கள் பார்த்ததில்லை.

வால் ஒவ்வொரு வாயாக எட்டிப்பார்த்து, இது யார், இது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்களும் பல நாளாகக் கேட்டுப் பார்த்த கேள்விதான். அக்கா வாயே திறக்கமாட்டார்.

அப்போதுதான் வாசலில் ஒரு பஸ் டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையை நீட்டினார். தன்னுடையது எப்போது என்று கேட்டார்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெழுகைச் சுரண்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"பாக்கி ஒண்ணுதானே அண்ணே. நாளைக்குக் கட்டிடறேன். கவலைப்படாதீங்க."

டிரைவர் போய்விட்டார். துருவி மேடம் நின்ற இடத்தில் நின்றார். வால் கையில் ஒரு வாயோடு நின்றார்.

"அக்கா, இப்ப என்ன சொன்னீங்க?"

"பல்லு கட்டறதைச் சொன்னேன். ஏன் மேடம்?"

சொல்லி முடித்த பிறகுதான் அக்காவுக்கே கேட்டது. கத்தியைக் கீழே வைத்தார்.

எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள்தான். பணம் கட்டுகிறோம், வீடு கட்டுகிறோம், மூட்டை கட்டுகிறோம், அடுத்த வீட்டைப் பற்றிக் கதை கட்டுகிறோம். பல்லும் கட்டுகிறோம். ஆனால் காகிதத்தின் தலையில் கடன் வழக்கு என்று அடித்திருந்ததால் வக்கீலம்மாவுக்கும், தம்பிக்கும், தினம் பத்துப் பேருக்குப் பல் கட்டுகிற அக்காவுக்குமே ஒரே ஒரு கட்டுதான் காதில் ஏறியிருக்கிறது. கோர்ட் என்றால் பயம் மட்டுமல்ல, பாஷையும் மறந்துவிடும்.

துருவி மேடம் பேச்சை இன்னொரு தடவை போட்டார். இந்தத் தடவை அக்கா பயந்தபடி கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மாஷம் என்ற இடத்தில் விரலைத் தூக்கினார்.

"கீழ் முன்பல்லு ரெண்டு இல்ல. காத்து அங்கதான் போகுது."

எழுந்துபோய்ப் பலகையில் துழாவி ஒரு வாயை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். ஆள் பெயர் என்னவோ சொன்னார், மறந்துவிட்டது, முகமும் ஞாபகமில்லை, வாய் இதுதான் என்றார். மேலே இரண்டு கட்டிக் கொடுத்தாயிற்று. கீழே இரண்டுக்கு அச்சு எடுத்ததோடு சரி. நடுவில் ஒரு தரம் போன் பண்ணி மிச்சம் எப்போது என்று கேட்டார். அப்புறம் ஆள் வரவே இல்லை.

"வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன் மேடம்" என்றார் வால். "நிஜமாவே வாயைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போனவரை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

பென் டிரைவோடு வந்த பிரமாணப் பத்திரத்தில், பிரதிவாதியிடம் பேசியது எங்கள் வசூல் அதிகாரி என்று கம்பெனியே எழுதியிருந்தது. ஆக, போய்ப் பார்க்கவேண்டிய ஆள் யார் என்பதில் குழப்பமில்லை. துருவி மேடம் அந்த மாவு வாயைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். கிளம்பும்போது அக்காவிடம் ஒன்று சொன்னார், தானும் வாலும் திரும்பி வரும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது, கேட்பது யாராக இருந்தாலும். யார் கேட்கப்போகிறார்கள் என்றார் அக்கா.

கம்பெனியின் அலுவலகம் கண்ணாடிக் கதவும் வாசனைத் தெளிப்புமாக இருந்தது. வரிசையாகத் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் காதில் மாட்டின கருவியோடு ஒருவர். எல்லாரும் ஒரே நான்கு வாக்கியங்களை வெவ்வேறு குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்டிப்பான குரலுக்கு ஒருவர், பாசமான குரலுக்கு ஒருவர். இங்கே பேசும் அனைத்தும் பதிவு செய்யப்படும் என்று வாசலில் எழுதியிருந்தது.

வசூல் அதிகாரி கழுத்துப்பட்டையும் படிய வாரின தலையுமாக எழுந்து வரவேற்றார். பல்செட் அக்கா விஷயமாகச் சமாதானம் பேச வந்திருக்கிறோம் என்று துருவி மேடம் சொன்னதும் முகம் மலர்ந்தது. முழு வரிசைப் பல் தெரிந்தது. மேலே, கீழே, ஒன்று குறைவில்லை. சமாதானம், சலுகை, சந்தோஷம், சீக்கிரம் முடிச்சுடலாம் என்று ச்சக் ச்சக்கென்று சொன்னார். ஒரு காற்றுக்கூட வழிதவறவில்லை.

வாலுக்கு முகம் தொங்கிப்போயிற்று. மேடத்தின் காதருகே குனிந்து, இவர் பல் விளம்பரத்துக்கே போகலாம், நாம் தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டோம் என்று முணுமுணுத்தார். துருவி மேடம் காதில் வாங்கிக்கொள்ளாமல் கைக்குட்டையை மேஜைமேல் பிரித்தார்.

உடைந்த வாய் ஒன்றை யாருக்கு முன்னால் வைத்தாலும் ஒன்று நடக்கும். நீங்களே செய்து பாருங்கள். பார்க்கிறவரின் நாக்கு, அவரைக் கேட்காமலே, தன் வாயில் எங்கே குறையோ அங்கே போய்த் தடவிப் பார்த்துவிட்டு வரும். வாலின் நாக்கு வலது கடைவாய்க்குப் போயிற்று, அங்கே ஒரு சொத்தை இருப்பது தெருவுக்கே தெரியும். அதிகாரியின் கீழ் உதட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மேடு எழும்பி, நடுவிலிருந்து இடப்பக்கமாக நகர்ந்து, அடங்கிற்று.

துருவி மேடத்துக்கு அது போதும். கோர்ட்டுக்குப் போதாது. அதனால் குரலைத் தேனில் நனைத்துக்கொண்டு, அக்காவுக்கு ஒரு மனக்குறை என்று ஆரம்பித்தார். மேலே கட்டின இரண்டும் சரியாக அமையவில்லையாம், நிறம் கொஞ்சம் மட்டமாகப் போய்விட்டதாம், பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே என்று புலம்புகிறாராம், வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், திருப்பிக் கட்டிக் கொடுக்கத் தயாராம்.

அதிகாரி கழுத்துப்பட்டையை நேராக்கிக்கொண்டார்.

"மட்டமா? யார் சொன்னது. எல்லாரும் சொந்தப் பல்லான்னுதான் கேக்கறாங்க."

தடுப்புக்கு அப்பால் யாரோ கண்டிப்பான குரலில் மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதிகாரியின் நாக்கு இப்போது மேலே போயிற்று, தாமதமாக.

"அப்ப கீழ ரெண்டு?" என்றார் துருவி மேடம்.

"அந்தம்மா இழுத்தடிச்சாங்க, வேற இடத்துல..." என்று சொல்லவந்து நிறுத்தினார்.

"கட்டிக்கிட்டீங்க" என்று வால் முடித்துவைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல், மாவு வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். "பேசறதெல்லாம் பதிவாகும்னு உங்க வாசல்ல எழுதியிருக்கு சார். உங்களுக்கு ஒரு காப்பி இருக்கட்டும், எங்களுக்கு ஒரு காப்பி இருக்கட்டும்."

துருவி மேடம் மீதியைத் தானே சொல்லிக்கொண்டு போனார். ஆபீஸ் போனில் சொந்தப் பல்லைப் பற்றிப் பேசியிருக்கிறார், அது எல்லாப் பேச்சையும் போலப் பதிவாகியிருக்கிறது. மாதங்கள் கழித்து அதே அக்காவின் செத்துப்போன கடன் அவர் மேஜைக்கு வந்திருக்கிறது. பழைய பேச்சு ஞாபகம் வந்திருக்கிறது. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் வெட்டினால் பல் போய்ப் பணம் வந்துவிடும் என்று கண்டுபிடித்திருக்கிறார்.

அதிகாரி மறுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஆச்சரியம் என்னவென்றால், சிரித்தார். இந்தத் தடவை உண்மையான சிரிப்பு.

"இருக்கட்டும் மேடம். அந்தப் பேச்சையே நாங்க வாபஸ் வாங்கிக்கறோம், தேவையில்ல. அவங்க தம்பி காலையிலேயே வந்து சமாதானப் பத்திரம் வாங்கிட்டுப் போயிட்டாரு. பாதி தள்ளுபடி. இந்நேரம் கையெழுத்து ஆகியிருக்கும்."

துருவி மேடம் மாவு வாயைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றினார். மேற்கொண்டு கேட்கவேண்டிய அவசியம் இல்லை. பாதி தள்ளுபடி என்பது தூண்டிலில் வைத்த புழு. அந்தக் காகிதத்தின் முதல் வரி, இந்தக் கடன் என்னுடையது என்று ஒப்புக்கொள்கிறேன் என்றுதான் இருக்கும். கீழே அக்காவின் கையெழுத்து விழுந்த நிமிஷம் செத்த கடன் எழுந்து உட்கார்ந்துவிடும். ஒரு தவணை தவறினால் தள்ளுபடியும் போய் முழுத் தொகையும் நிற்கும். குரலா கையெழுத்தா என்ற வாதமே வேண்டாம். அசல் கையெழுத்தே இருக்கும்.

வால் அதற்குள் அக்காவின் போனுக்கு அடித்துக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை.

அப்புறம் நடந்ததை டிரைவிங் ஸ்கூல்காரர்கள் யாரும் படிக்காமல் இருப்பது நல்லது. ஸ்கூட்டரில் வால் எடுத்த ஒவ்வொரு திருப்பத்துக்கும் அந்தக் காலத்தில் அவரே பலரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருந்த துருவி மேடம் ஒரு கையால் அவர் தோளையும் இன்னொரு கையால் மாவு வாயையும் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டில் எதை விடுவது என்று வந்தால் தோளைத்தான் விட்டிருப்பார்.

பட்டறை வாசலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். தற்செயலாகத்தான். வழிவிட்டோம்.

உள்ளே தம்பி ஒரு கையில் காகிதம், ஒரு கையில் மூடி கழற்றின பேனாவோடு நின்றிருந்தான். முகமெல்லாம் வியர்வை. அக்கா மேஜைக்கு முன்னால். இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் அச்சு மாவில். மேஜைமேல் வெள்ளை வெளேரென்று புது வாய்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. யாரும் கேட்காத வாய்கள். ஒரே அச்சிலிருந்து திரும்பத் திரும்ப வார்த்தவை.

அவன் வந்ததிலிருந்து இதுதான் நடந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போடு என்பான். கை ஈரமாக இருக்கிறது என்பார். துடைத்துக்கொள் என்பான். மாவு இறுகிவிடும், இதை ஊற்றிவிட்டு வருகிறேன் என்பார். ஊற்றி முடித்ததும் அடுத்த கிண்ணத்தில் தண்ணீர் விடுவார். கூடப்பிறந்தவனை வெளியே போ என்று சொல்ல வாய் வரவில்லை, கையைக் கொடுக்கவும் மனசு வரவில்லை, அதனால் கையை ஒளித்துவைத்துக்கொண்டார்.

துருவி மேடம் காகிதத்தை அவன் கையிலிருந்து வாங்கி முதல் வரியை மட்டும் படித்துக் காட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னார். சூளையைத் தூக்கிக்கொண்டு போக அவர்களுக்கு இதுவரை வழியில்லை, நீதான் வழி போட்டுக் கொடுக்க வந்திருக்கிறாய் என்றார். தம்பி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அவன் வேலை பார்க்கும் டிக்கெட் கவுண்டருக்கே ஆள் அனுப்புவோம், வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் கேட்போம் என்று அவர்கள் மிரட்டியிருக்கிறார்கள். இவள் வாங்கின கடனுக்கு நான் ஏன் தலைகுனியவேண்டும் என்று அழாத குறையாகச் சொன்னான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மானத்துக்குப் பயந்தவனைத்தான் அவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள்.

அக்கா கையை மாவிலிருந்து எடுத்தார்.

"வாங்கினேன்டா. இல்லேன்னு நான் என்னைக்குச் சொன்னேன். இந்தச் சூளைக்காக வாங்கினேன். வாங்கினதுக்கு மேலயே கொடுத்தேன். கொடுத்ததெல்லாம் வட்டிக்குப் போச்சு, அசல் அப்படியே நிக்குதுன்னாங்க. அப்பவும் கொடுத்தேன். என்னால முடியாதப்ப பாங்கே விட்டுட்டுப் போச்சு. இப்ப அந்தக் குப்பையைக் கிளறி எடுத்துட்டு வந்தவன், என் வாயிலருந்து வந்த வார்த்தையைத் திருடிட்டு, கையெழுத்தையும் கேக்கறான். கொடுக்கமாட்டேன். உன் கவுண்டருக்கு ஆள் வந்தா எனக்கு போன் பண்ணு. நான் வந்து உன் பக்கத்துல நிக்கறேன். வரிசையில நிக்கறவங்களுக்கு நானே சொல்றேன்."

தம்பி பேனாவை மூடினான். மூடிவிட்டு, கோர்ட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டான்.

கவுண்டரில் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். வக்கீலம்மா அதற்கு அடியில் தன் தோல் பையை வைத்து மறித்துக்கொண்டு நின்றிருந்தார். குமாஸ்தா முறைத்தார். அவர் பதிலுக்கு முறைத்தார். ஸ்கூட்டரிலிருந்தபடியே வால் போனில் விவரம் சொல்லியிருந்ததால் பதில் மனுவில் புதிதாக இரண்டு பத்திகள் ஏறியிருந்தன. வழக்கு கெடு தாண்டியது என்பது முன்பே இருந்தது. கடனை விலைக்கு வாங்கியதற்கு உரிய பத்திரத்தைக் காட்டு என்பதும் இருந்தது. இப்போது, அந்தப் பேச்சு பல் கட்டுவது பற்றியது, வாதியின் அதிகாரியே அந்தப் பல்லின் சொந்தக்காரர், வெட்டாத முழுப் பதிவையும் கோர்ட்டில் கொண்டுவந்து வைக்கவேண்டும் என்பதும் சேர்ந்திருந்தது.

அக்கா படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்றார். ஷட்டருக்கு அடியில் குனிந்தபடி, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். விரல் போன வழியெல்லாம் வெள்ளைத் தடம். பின்னால் தம்பி நின்று, இந்த இடம் புரியுதாக்கா என்று ஒரு தரம் கேட்டான். புரியுதுடா என்றார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

குமாஸ்தா முத்திரை குத்தி, காகிதத்தில் ஒட்டின மாவை ஊதித் தள்ளிவிட்டு, வாய்தா தேதியைச் சொன்னார். ஷட்டர் இறங்கிற்று.

படியில் இறங்கும்போது வக்கீலம்மா, இனிமேல் அவர்கள்தான் பயப்படவேண்டும், முழுப் பதிவைக் கொண்டுவந்தாலும் ஆபத்து, கொண்டுவராவிட்டாலும் ஆபத்து, வழக்கையே திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்ப்பார்கள் என்றார். அப்படி ஓட விடாதீங்க மேடம் என்றார் வால்.

அக்கா அடுத்த வாய்தாவுக்குத் தானும் வரவேண்டுமா என்று கேட்டார்.

வக்கீலம்மா, கட்டாயமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன், உங்களுக்கு வேலை கெடும் என்றார்.

"கெடட்டும். அந்த ஆளைச் சாட்சிக் கூண்டுல ஏத்துவீங்கல்ல?"

"ஏத்தாம விடமாட்டேன்."

"அப்ப வரேன்" என்றார் பல்செட் அக்கா. "வாயைத் திறக்கும்போது நான் கிட்ட இருக்கணும்."